ஜாடியா, தொட்டியா, தாழியா: கோலாலம்பூர் பிளாட்டில் முதல் சண்டை மீன்

மூன்று மாதத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் செந்தூல் பிளாட்டின் நாலாம் மாடிப் பையன் கதவைத் தட்டினான். கையில் கண்ணாடி ஜாடி, உள்ளே நீலமும் சிவப்புமாக ஒரு சண்டை மீன்.

"அங்கிள், நேத்து பசார் மாலாம்ல வாங்குனோம். சாப்பிடவே மாட்டேங்குது. கீழேயே படுத்துக்கிடக்கு."

"தண்ணி எங்கே பிடிச்சே?"

"பைப்புலதான் அங்கிள்."

பின்னாலேயே அவன் அம்மா வந்தார். தொட்டி வைக்க வீட்டில் இடமில்லை, மோட்டார் போட்டால் கரண்டு பில்லும் ஏறும், ஜாடியிலேயே வளர்க்க முடியாதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம் ஊரில் முதன்முதலாகச் சண்டை மீன் வளர்ப்பவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: மேசைமேல் ஒரு ஜாடி, ஸ்பாஞ்ச் பில்டர் (தண்ணீரைப் பஞ்சு வழியாக இழுத்து வடிகட்டுவது) போட்ட 20 லிட்டர் கண்ணாடித் தொட்டி, பால்கனியில் செடி போட்ட தாழி. மூன்றிலும் நான் வளர்த்திருக்கிறேன். புதியவருக்கு 20 லிட்டர் தொட்டிதான் சரி என்பது என் முடிவு. ஜாடி பழகிய கைகளுக்கு உரியது. அதைச் சுலபம் என்று நினைத்துப் புதியவர்கள் முதலில் எடுப்பதால்தான் இத்தனை மீன்கள் ஒரு மாதம்கூடத் தாண்டுவதில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்த மீன் இரண்டு மூன்று வருடம் இருக்கும்.

ஜாடியில் வாழும் என்ற நம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. சண்டை மீனுக்குச் செவுளுக்கு மேலே லேபிரிந்த் என்ற உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றை எடுத்து, அதிலிருந்தே மூச்சு விடும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் தாங்கும். வயல் சேற்றுத் தண்ணீரில் வாழ்கிற மீனுக்கு ஒரு ஜாடி போதாதா என்று கடைக்காரர்களும் சொல்வார்கள். ஆனால் சிகிஞ்சான் பக்கம் போய் வயலைப் பாருங்கள். தண்ணீர் கணுக்கால் ஆழம்தான், ஆனால் பரப்பு ஏக்கர் கணக்கு. மீனின் கழிவு கரைந்து பரவிவிடும், மீதியை நெற்பயிரும் சேறும் எடுத்துக்கொள்ளும். ஜாடியில் அது எங்கே போகும்? மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கிறது. மேலே காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீனாக இருந்தாலும், அந்த அமோனியா செவுளை எரிப்பதிலிருந்து லேபிரிந்த் காப்பாற்றாது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும்போதே இது நடக்கும், அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

சரி, ஜாடியில் வளர்க்கவே முடியாதா? முடியும். இரண்டு லிட்டர் ஜாடி என்றால் தினமும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றுகிற தண்ணீர் முன்கூட்டியே குளோரின் நீக்கி, அறைச் சூட்டில் வைத்த தண்ணீராக இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு முதல் வாரம் உற்சாகமாக இருக்கும். தீபாவளிக்கு மூன்று நாள் ஊருக்குப் போனால்? ஏர்கான் இன்னொரு சிக்கல். இந்த மீனுக்கு 25 முதல் 28 டிகிரி வரை சுகம். நம் ஊர் அறை வெப்பத்தில் ஹீட்டரே தேவையில்லை. ஆனால் இரவில் 18 டிகிரியில் ஏர்கான் ஓடும் படுக்கையறையில், இரண்டு லிட்டர் தண்ணீர் சீக்கிரமே குளிர்ந்துவிடும், மறுநாள் மதியம் 30-ஐ எட்டும். இந்த ஏற்ற இறக்கமே மீனைத் தளர்த்திவிடும். 20 லிட்டர் அவ்வளவு வேகமாக மாறாது. ஆனாலும் தொட்டியை ஹாலில் வைப்பதே நல்லது.

கோலாலம்பூர்வாசிகளுக்குத் தெரிந்த இன்னொரு தொல்லை தண்ணீர் தடை. ஒரு தடவை மூன்று நாள் குழாய் காய்ந்து கிடந்தது. தொட்டி மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை, தீனியைக் குறைத்தேன், அவ்வளவுதான். ஜாடியில் இருந்ததுக்கு, தண்ணீர் திரும்பி வந்ததும் அவசரப்பட்டு அப்படியே பிடித்து ஊற்றினேன். கலங்கலாகவும் குளோரின் நெடியோடும் இருந்தது, மீன் மறுநாள் இல்லை. அந்தத் தப்பு என்னுடையது. அன்றிலிருந்து மூடி போட்ட ஒரு வாளி நல்ல தண்ணீர் வீட்டில் எப்போதும் இருக்கும்.

இனி தொட்டி. 40 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 25 உயரம் உள்ளதை வாங்கி 20 சென்டிமீட்டர் வரை நிரப்பினால் சரியாக 20 லிட்டர். மேலே விடுகிற அந்த ஐந்து சென்டிமீட்டர் முக்கியம், ஏனென்றால் இது குதிக்கும் மீன். மூடியும் வேண்டும். காலணி அலமாரி உறுதியாக இருந்தால் அதன்மேலேயே அடங்கிவிடும். தண்ணீரும் கண்ணாடியும் சேர்ந்து 25 கிலோ வரை வரும், அதனால் ஆடுகிற மேசை வேண்டாம்.

ஸ்பாஞ்ச் பில்டரும் சின்ன காற்று மோட்டாரும் சேர்த்து இரண்டு பேர் வாழையிலைச் சாப்பாட்டுக் காசுக்குள் கிடைக்கும். அந்த அம்மாவின் கரண்டு கவலைக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் மாதத்துக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல், பில்லில் ஒரு வெள்ளியை (ரிங்கிட்டை) ஒட்டித்தான் வரும். விளிம்பில் மாட்டும் பில்டரும் உண்டு, அழகாகவும் இருக்கும். ஆனால் அதன் நீரோட்டம் நீள வால் மீனை மூலைக்குத் தள்ளும். அது நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகும்.

அந்த ஸ்பாஞ்சில்தான் விஷயமே இருக்கிறது. அதன் துளைகளில் பாக்டீரியாக்கள் குடியேறும். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது அளவோடு இருந்தால் கெடுதல் இல்லை. இந்தக் குடியேற்றம் முடிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் விட்ட மீன் சில நாளிலேயே சாவது பெரும்பாலும் இதனால்தான். குறுக்கு வழி ஒன்று இருக்கிறது: நன்றாக ஓடும் தொட்டி வைத்திருப்பவரிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பையனுக்கு நான் என்னுடையதைத்தான் கழற்றிக் கொடுத்தேன். அந்த அழுக்கு ஸ்பாஞ்சைப் பளிச்சென்று குழாயில் கழுவிவிடாதீர்கள், குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்தால் போதும்.

அப்புறம் வாரம் ஒருமுறை ஐந்து லிட்டர், அதாவது ஒரு சின்ன வாளி, எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். ஜாடிக்காரர் தினமும் பார்க்கிற வேலை இங்கே சனிக்கிழமை காலையில் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். குழாய்த் தண்ணீருக்கு மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் போடுங்கள். கல்கண்டு மாதிரி இருக்கிற அது சோடியம் தயோசல்பேட். ஒரு நாள் திறந்து வைத்தாலும் சாதாரணக் குளோரின் போய்விடும், ஆனால் குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) கலந்திருந்தால் அப்படிப் போகாது. மருந்து போடுவதே நிம்மதி.

தாழியைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே ஆசை வருகிறது. ஐம்பது அறுபது லிட்டர், அடியில் கொஞ்சம் மண், மேலே ஆகாயத்தாமரை. அதில் மீன் தன் இயல்பில் இருக்கும், நிறமும் ஏறும். கொசுப்புழு விழுந்தால் அதுவே பிடித்துத் தின்னும். ஆனால் புதியவருக்கு நான் இதைச் சொல்வதில்லை. மேலிருந்து மட்டும்தான் பார்க்க முடியும் என்பதால் வயிறு வீங்கியிருப்பதோ செதிலில் வெள்ளைப் புள்ளியோ தெரியாமலே போய்விடும். மாலை நேர அடைமழையில் தாழி வழிந்தால் மீனும் சேர்ந்து போய்விடும், விளிம்புக்குக் கீழே துளை போட்டு வலை கட்ட வேண்டும். மேற்குப் பார்த்த பால்கனியில் வெயில் தண்ணீரைக் கொதிப்பாக்கிவிடும். காகமும் பூனையும் வேறு.

எல்லாவற்றையும்விட டிங்கி விஷயம். மீன் உள்ள தாழியில் கொசு பெருகாது, உண்மைதான். ஆனால் தாழிக்கு அடியில் வைத்த தட்டில், பக்கத்தில் இலை ஊறப் போட்ட வாளியில் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு அபராதம் உண்டு. அப்புறம் அக்கம்பக்கத்தில் யாருக்காவது டிங்கி வந்தால் புகை அடிக்க வருவார்கள். அந்தப் புகையில் பைரித்ராய்டு வகை மருந்துகள் இருப்பதுண்டு, மனிதர்களைவிட மீன்களுக்கு அவை பல மடங்கு கொடியவை. என் தாழி மீனை நான் இழந்தது அப்படித்தான். நான் வேலையில் இருந்தேன், தாழி திறந்து கிடந்தது. வீட்டுக்குள் தொட்டி வைத்திருப்பவர்களும் அன்று காற்று மோட்டாரை நிறுத்திவிட்டு, தொட்டியைப் பிளாஸ்டிக் ஷீட்டால் முழுக்க மூடி, ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மோட்டார் ஓடினால் அறையில் உள்ள மருந்தை உறிஞ்சித் தண்ணீருக்குள் செலுத்திக்கொண்டே இருக்கும். புகை முழுக்கக் கலைந்தபின் திறந்தால் போதும், காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் அதுவரை மூடியின் அடியில் உள்ள காற்று போதும். வீட்டில் கொசு ஸ்ப்ரே அடித்தாலும் இதே கவனம் வேண்டும்.

எந்த மீனை வாங்குவது? அரைவட்ட வால் விரியும் ஹாப்மூன் கண்ணைப் பறிக்கும், ஆனால் அந்த வாலின் சுமை அதற்கே பாரம். கிழியும், சில மீன்கள் தாமே கடித்துக்கொள்ளும். குட்டை வால் பிளாக்கட் சுறுசுறுப்பானது, தாங்கும் சக்தி அதிகம். முதல் மீனுக்குப் பிளாக்கட்டைத்தான் சொல்வேன். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது. கடையில் இருப்பவை பெரும்பாலும் தாய்லாந்தைப் பூர்வீகமாகக் கொண்ட பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ் வம்சம். 2019-இல் தாய்லாந்து அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நமக்கும் சொந்த மீன்கள் உண்டு. வடக்கே வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் பெட்டா இம்பெல்லிஸ் ஒன்று. பினாங்கு மலை ஓடைகளில் பெட்டா பக்னாக்ஸ் இருக்கிறது. 1849-இல் தியோடர் கேன்டர் அதை முதன்முதலில் விவரித்ததே பினாங்கிலிருந்துதான், அந்த ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். வளர்க்க முடியவில்லை என்று கடை மீனை லோங்காங்கிலோ (சாக்கடையிலோ) ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். இம்பெல்லிஸோடு அது கலந்து இனம் பெருக்கக்கூடியது.

தீனியில் பெரிய விவாதம் இல்லை. நல்ல புரதமுள்ள சின்ன உருண்டைத் தீனி காலையில் மூன்று, மாலையில் மூன்று. வாரம் ஒரு நாள் பட்டினி. உறைய வைத்த ரத்தப்புழு வாரம் இரண்டு தடவை கொடுத்தால் குதூகலிக்கும். சாக்கடைப் புழு நோயைக் கூட்டி வரும். கொசுப்புழுவை வீட்டில் வளர்த்துக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

தண்ணீரில் போட, கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையா, பாட்டிலில் விற்கும் அதன் சாறா என்றும் கேட்பார்கள். இலைதான். நாட்டு வாதுமை மரத்தடியில் தானாக விழுந்து காய்ந்த பழுப்பு இலையை, பெரிய சாலையோரமாக இல்லாத இடத்தில் எடுத்து, கொதிநீர் ஊற்றிக் கழுவி, உள்ளங்கை அளவு போட்டால் போதும். தண்ணீர் தேநீர் நிறமாகும், அமிலத்தன்மை சற்று கூடும், மீன் அமைதியாகும். அதை நோய்க்கு மருந்தாக நம்பித் தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிடக் கூடாது.

நாலாம் மாடி மீன் அன்றே ஆன்டி-குளோரின் தண்ணீருக்கு மாறியது. அந்த வார இறுதியில் தொட்டியும் வந்தது. இரண்டு வாரம் கழித்து வால் நுனி நைந்து, வெளுத்துத் தெரிந்தது. அப்போது அந்த ஜாடியை மறுபடி எடுக்கச் சொன்னேன். இரண்டு லிட்டர் தண்ணீரில் கல்லுப்பு அரைத் தேக்கரண்டி கரைத்து, தினமும் முழுத் தண்ணீரையும் அதே அளவு உப்போடு மாற்ற வேண்டும், பத்து நாளைத் தாண்டக் கூடாது. பள்ளிக்குப் போகும் முன் பையனே மாற்றினான். ஏழாம் நாள் மீன் தொட்டிக்குத் திரும்பியது. ஜாடியைக் கழுவி, தீனி டப்பாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறான்.