டிசம்பர் லீவுக்கு நிலாவெளியில் 'சேர்ஃப் வகுப்பு': காசு கட்ட முதல் இதை வாசியுங்கள்

திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கிழமை ஒரு விளம்பரம் சுற்றுகிறது. டிசம்பர் விடுமுறையில் நிலாவெளிக் கடற்கரையில் பிள்ளைகளுக்குச் சேர்ஃபிங், அதாவது பலகையில் ஏறி அலையில் ஓடுவது, பழக்கித் தருவார்களாம். போட்டிருப்பவர் ஓகஸ்ட்டில் எங்களைப் பொத்துவிலுக்குப் பக்கத்தில் இருக்கிற அறுகம்பைக்குக் கூட்டிப்போன அதே ஆள். நுகர்வோர் அதிகாரசபையில் முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது, இது பிள்ளைகளின் உயிர் விஷயம்.

ஓகஸ்ட்டில் அவர் விற்றது 'பழகாதவர்களுக்கான பக்கேஜ்'. வான், தங்குமிடம், பலகை, பழக்குநர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 18,000 ரூபா. என் மகன், தங்கச்சியின் மகள், இன்னும் சில பிள்ளைகள், பெரியவர்களில் நானும் தங்கச்சியும். காசு போட முதலே கேட்டேன், "தம்பி, இதுகள் அலையில ஏறாத பிள்ளையள். எந்த இடத்தில இறக்குவீங்க?" "விஸ்கி பொயின்ட் அக்கா. அடி மணல், அலையும் மெதுவா வரும். பயப்படாதீங்க" என்று குரல் பதிவாகவே அனுப்பினார். அந்தப் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது.

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று தாண்டி ஒரு பகல் முழுக்க வானில் இருந்து போய்ச் சேர்ந்தோம். அடுத்த நாள் காலையில் ஒரு பொடியன் வந்து பிள்ளைகளை நடத்தியே கூட்டிப்போனான். விஸ்கி பொயின்ட் பொத்துவிலுக்கும் வடக்கே இருக்கிறது, அறுகம்பைக் கரை ஊரான உல்லையிலிருந்து ஓட்டோவில்தான் போகவேண்டும். நடந்து போகிற தூரத்தில் இருப்பது மெயின் பொயின்ட். அங்கேதான் இறக்கினார்கள். ஓட்டோக் காசை மிச்சம் பிடிக்கத்தான், வேறு காரணம் எதுவும் இல்லை.

மெயின் பொயின்ட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அறுகம்பைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்த அலை அது. தெற்கு இந்து சமுத்திரத்தில் எங்கேயோ எழும்புகிற அலை அந்த முனையைச் சுற்றி வளைந்து, வலப்பக்கமாக நீளத்துக்கு உடைந்துகொண்டு போகும். அடியில் பாறை. பாறை இடுக்குகளில் கறுப்பு முள்ளுள்ள கடல் முள்ளெலிகள். நன்றாக ஓடத் தெரிந்தவர்கள் முறை பார்த்து வரிசையில் காத்திருக்கிற இடம். பழகாத பிள்ளை குறுக்கே போனால் அதுக்கும் ஆபத்து, அலையில் வருகிறவருக்கும் ஆபத்து. பழகுகிறவர்களுக்கு அதே ஊரிலேயே, முனைக்கு உள்ளே, பேபி பொயின்ட் என்ற சின்ன அலை இருக்கிறது. தெற்கே பாணமைப் பக்கம் பீநட் ஃபார்ம் இருக்கிறது. பொத்துவில் பொயின்ட் மணல் அடி என்றாலும் நீளமான ஓட்டம், கொஞ்சம் கை வந்த பிறகு போகலாம். தெற்கே குமண வனப் பூங்கா வாசல் வரைக்கும் போனால் ஒக்கந்த, அது தேறியவர்களுக்கு. இத்தனை இடங்கள் இருக்க, முதல் நாளே மெயின் பொயின்ட்!

பலகையைப் பார்த்தபோதே எனக்கு வயிறு கலங்கியது. பழகுகிறவர்களுக்குக் கொடுப்பது மேலே மெத்தென்று இருக்கிற நீளமான ஃபோம் பலகை. மகனுக்குக் கொடுத்தது கட்டையான, கெட்டியான ஃபைபர் பலகை. பலகையின் முன்நுனியில் வெடிப்பு, அதன்மேல் டேப். காலில் கட்டுகிற கயிற்றின் ஒட்டுப்பட்டி தேய்ந்து, கையால் இழுத்தாலே கழன்றுவந்தது. "இது பிடிக்காதே தம்பி" என்று நான் சொல்லச் சொல்ல, "எல்லாம் ஒரே கடல்தானே அக்கா" என்று அந்தப் பொடியன் பிள்ளையைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அலை தூக்கி அடித்ததும் கயிறு கழன்று பலகை தனியே போய்விட்டது. மகன் பாறையில் விழுந்தான். உள்ளங்கால் கிழிந்து, குதிக்காலில் முள்ளுகள் ஏறியிருந்தன. தூக்கிக்கொண்டு வந்தது யாரோ ஒரு வெளிநாட்டுப் பிள்ளை, எங்கள் பழக்குநர் அல்ல. பொத்துவில் வைத்தியசாலையில் தையல் போட்டார்கள். ஏற்பாட்டாளருக்குப் போன் எடுத்தால், "கடலுக்குப் போனா காயம் வரும்தானே அக்கா, காசு திருப்பித் தர ஏலாது" என்றார். அதன்பிறகு என் நம்பரையே புளொக் பண்ணிவிட்டார்.

காசு போனது போகட்டும். நான் இதை இப்போது எழுதுவது டிசம்பருக்காக. நம்முடைய கடலை நம்மவர்களுக்குத் தெரியும். தென்மேல் காற்றடிக்கிற கச்சான் காலத்தில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், உப்புவெளியும் நிலாவெளியும் குளம் மாதிரிக் கிடக்கும். அறுகம்பையில் அலை நன்றாக வருகிற அந்த மாதங்களில் இங்கே குளிக்கலாம், புறாமலைக்குப் போகலாம், சேர்ஃப் ஓட அலை இல்லை. டிசம்பரில் அடிக்கிற வடகீழ்க் காற்றான வாடை தொடங்கினால் எல்லாம் மாறிவிடும். காற்று நேரே கரைக்கு அடித்து, அலை ஒழுங்கில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக உடையும். கரையிலிருந்து வெளியே இழுக்கிற நீரோட்டமும் கூடும். கடலிலேயே சீவிக்கிற மீனவர்களே வள்ளத்தைக் கரையேற்றி வைக்கிற நாட்கள் அவை. அந்தத் தண்ணீரில் நீந்தத் தெரியாத பிள்ளைகளைப் பலகையோடு இறக்கப் போகிறார் இந்த மனிதர்.

டிசம்பரில்தான் பிள்ளை பழகவேண்டும் என்றால் தெற்கே வெலிகமவுக்குப் போங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் அங்கேதான் பருவம், அடி மணல், பழகுகிறவர்கள் கூடுகிற கரையே அது. யாரிடம் போனாலும் எந்தப் பொயின்ட், என்ன பலகை, ஒரு பழக்குநருக்கு எத்தனை பிள்ளைகள், அவருக்கு உயிர்காப்புப் பயிற்சி இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். போய் இறங்கியதும் கயிற்றை நீங்களே இழுத்துப் பாருங்கள்.

நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977. எங்களிடம் வங்கியில் காசு போட்ட துண்டும் அந்தக் குரல் பதிவும் வைத்தியசாலைத் துண்டும் இருக்கின்றன. இதே ஆளிடம் ஏமாந்தவர்கள், டிசம்பருக்கு ஏற்கெனவே முற்பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். உங்கள் துண்டுகளையும் எங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.