வீட்டோடு ஒரு பிறந்தநாள்: நேரலையில் கூட்டுவதா, தள்ளிப்போடுவதா, பதிவு வாங்குவதா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே போக முடியாத காலத்தில் வீட்டில் ஒரு முக்கியமான பிறந்தநாளோ திருமண நாளோ வந்தால், எல்லாரையும் ஒரே வீடியோ அழைப்பில் உட்கார வைப்பதைவிட, வாழ்த்துகளை முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பச் சொல்லி, அன்றைக்கு வீட்டில் இருப்பவர்கள் மட்டும் போட்டுப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம். ஆகவே இதை நடுநிலையான அலசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோவிட் அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்றே சொல்லியாகிவிட்டது, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். வீட்டில் ஒருவர் கீமோ சிகிச்சையில் இருக்கிறார், குறைமாதத்தில் பிறந்த குழந்தை வந்திருக்கிறது என்றால் அந்த வீட்டுக்கு 2020 இன்னும் முடியவில்லை. வாசலிலேயே விருந்தாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலைமை யாருக்கும் எப்போதும் வரலாம்.

நேரில் கொஞ்சம் பேராகக் கூடுவது என்ற வழியை அதிகம் பேசத் தேவையில்லை. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஒரு கல்யாணம். வந்தவர்கள் 55 பேர்தான். அங்கிருந்து கிளம்பிய தொற்று 177 பேருக்குப் போனது. 7 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கல்யாணத்துக்குப் போனவர் இல்லை. ‘நம்ம ஆளுங்க மட்டும்தானே’ என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் என்னிடம் இல்லை. திறந்தவெளியில், தள்ளித் தள்ளி நின்று, சீக்கிரம் கலைந்துவிட்டால் ஆபத்து குறையும் என்பது உண்மைதான். எங்களுக்கு அதற்கு இடமில்லை. செய்து பார்க்காததைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன்.

தள்ளிப்போடுவது கேட்க நியாயமாக இருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கே ஓராண்டு தள்ளிப் போயிற்று. 2021 ஜூலையில் தொடங்கியபோதும் ‘டோக்கியோ 2020’ என்ற பெயரோடுதான் நடந்தது. ஆனால் குடும்பத்தில் பண்டிகையையும் இப்படிப்பட்ட நாட்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பண்டிகையை யாரும் தள்ளிப்போட முடியாது. 2020 ஈஸ்டர் ஏப்ரல் 12 அன்று வந்தேவிட்டது. போப் பிரான்சிஸ் கிட்டத்தட்ட ஆளில்லாத புனித பேதுரு பேராலயத்தில் திருப்பலி நடத்தினார். 2019இல் ஏறத்தாழ 25 லட்சம் பேர் கூடிய ஹஜ், அடுத்த ஆண்டு ஆயிரம் பேர் அளவுக்குச் சுருங்கியது. சுருக்கினார்களே தவிர நிறுத்தவில்லை. அப்படி ஒரு வருஷம் சின்னதாகப் போனாலும் அடுத்த வருஷம் அதே பண்டிகை தானாக வந்து நிற்கும். அதனால் பண்டிகையை வீட்டளவில் அமைதியாக நடத்திவிட்டுப் போவதில் எனக்கு மனக்குறையே இல்லை.

எழுபதாவது பிறந்தநாள் அப்படித் திரும்பி வராது. எழுபத்தொன்றில் சேர்த்து வைத்துக் கொண்டாடிவிடலாம் என்று சொல்லலாம்தான். அப்படிச் சொல்லும்போதே, அன்றைக்கு எல்லாரும் இருப்பார்களா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. யாரும் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. வயதானவர்களையே அதிகம் கொண்டுபோன நோய் சுற்றிக்கொண்டிருந்தபோது, அதைக் காதில் வாங்காமல் புதுத் தேதி குறிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. தள்ளிப்போட்டவர்களில் சிலர் பிறகு அமர்க்களமாக நடத்தினார்கள். வேறு சிலருக்கு அடுத்தடுத்த வேலைகளில் அது அப்படியே விட்டுப் போனது. தெரிந்தவர்கள் வீட்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், சொந்த அனுபவம் இல்லை.

ஆக, உண்மையான போட்டி நேரலைக்கும் பதிவுக்கும் நடுவில்தான்.

நேரலையின் வசதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. லிங்க் அனுப்பினால் போதும், முகம் பார்க்கலாம், சிரிப்பு உடனே கேட்கும். ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பது அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு தெரிந்த கணக்கு. 2020 நவம்பர் 26, அமெரிக்காவின் நன்றி தெரிவிக்கும் நாளுக்காக அந்த நிறுவனமே வரம்பைத் தளர்த்தியது. எனக்கு அந்த வரம்பு குறையாகப் பட்டதே இல்லை. ‘சரி, கட் ஆகப்போகுது’ என்று சொல்லி மரியாதையாக விடைபெற அது கொடுத்த சாக்கு, பல குடும்பங்களில் உறவைக் காப்பாற்றியிருக்கும்.

என் பிரச்சினை வேறு. ஆள் கூடிய வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். அடுக்களையில் மூன்று பேர் யாரைப் பற்றியோ வம்பு பேசுகிறார்கள். கூடத்தில் சித்தப்பா ஒருவனை மடக்கி, ‘ஏன் அந்த வேலையை விட்ட?’ என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில். யாருக்காகக் கூடினார்களோ அவர் இந்தப் பேச்சில் கொஞ்சம், அந்தப் பேச்சில் கொஞ்சம் என்று நகர்ந்துகொண்டே இருக்கிறார். உரையாடல்களை ஆராய்ந்த ராபின் டன்பாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் எழுதியது இது: இயல்பாகச் சேரும் பேச்சுக் குழு பெரும்பாலும் நான்கு பேரைத் தாண்டாது; ஆள் கூடினால் இரண்டாகப் பிரிந்துவிடும். இருபது பேர் இருக்கும் வீட்டில் ஐந்தாறு பேச்சு ஒரே நேரத்தில் ஓடுவது அதனால்தான். விசேஷ வீட்டுக்குக் களையே அந்த இரைச்சல்தான்.

வீடியோ அழைப்பில் அந்தப் பிரிதல் நடக்காது. கட்டங்கள் இருபது, பேச்சு ஒன்றே ஒன்று. இரண்டு பேர் சேர்ந்து வாய் திறந்தால் மென்பொருள் ஒருவரை அமுக்கிவிடும், அல்லது இருவர் பேச்சுமே புரியாது. உடனே ஒழுங்கு வந்துவிடுகிறது. ‘நீங்க சொல்லுங்க அத்தை.’ ‘இல்ல, நீ முடி.’ ‘மாமா, மியூட்ல இருக்கீங்க.’ வாய்ப்பேச்சில் கெட்டிக்காரரான ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொள்கிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். ஆபீஸில் காலையெல்லாம் பார்த்த மீட்டிங் மாலையில் உறவுக்காரர்களோடு மறுபடி நடக்கிறது. காது கொஞ்சம் மந்தமானவர்கள் பத்தாவது நிமிடத்தில் கழன்றுகொள்கிறார்கள். அவர்கள் சிரிப்பு மட்டும் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் குடும்பத்தில் வேறொருவர் பிறந்தநாளுக்கு இப்படிக் கூடினார்கள், எல்லாரும் சேர்ந்து வாழ்த்துப் பாட்டுப் பாடலாம் என்றார்கள். பெரியம்மா முதல் வரியை முடித்தபோது, இன்னொரு கண்டத்திலிருந்த பேரன் குரல் அப்போதுதான் முதல் வரியைத் தொடங்கியது. கைதட்டல் எதிலும் சேராமல் தனியாகப் போனது. ஒருவருக்காக ஒருவர் காத்திருந்ததில் பாட்டு வரிக்கு வரி மெதுவாகி, பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றே போய்விட்டது. எல்லாரும் சிரித்தார்கள். பிறந்தநாள்காரருக்கு மட்டும் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

பாடியவர்கள் மேல் குற்றமில்லை. சாதாரணப் பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் போதும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சேர்ந்து பாடுவதற்கு அது போதாது. தாமதம் சுமார் 30 மில்லிவினாடியைத் தாண்டினாலே தாளம் கழன்றுவிடும். கண்டம் விட்டுக் கண்டம் போகும் வீட்டு இணையத்தில் அதை எட்ட முடியாது. ஒருவர் மட்டும் பாட, மற்றவர்கள் மியூட்டில் வாயசைப்பதுதான் நடக்கக்கூடிய வழி.

தனித்தனி அறைகளாகப் பிரித்துவிடும் வசதி இருக்கிறதே என்று ஒரு தம்பி சொன்னான். இருக்கிறது. ஆனால் வம்பு பேசுவதற்கு ஒருவர் பட்டியல் போட்டு அறை ஒதுக்கித் தருவதில் என்ன சுவை?

இப்போது பதிவுக்கு வருகிறேன். முன்னாலேயே எடுத்து வைத்ததைப் போட்டுப் பார்ப்பதில் உயிரே இருக்காது என்பதுதான் பலர் சொல்லும் ஆட்சேபம். எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. வந்த துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, பென்டிரைவில் ஏற்றி, டிவியில் ஓட்டினோம். ரிமோட் அம்மா கையில். சின்ன அத்தை பேசிக்கொண்டிருக்கும்போது, “நிறுத்து, நிறுத்து. பின்னாடி சுவத்துல மாட்டியிருக்கே, அந்தப் படம் யாரோடது?” என்றார். “நம்ம கல்யாணத்துல எடுத்ததுதானே அது” என்று அப்பா ஆரம்பித்தார். அந்தப் படத்தில் இருந்தவர்களுக்குள் யார் யாரோடு அப்போது பேச்சுவார்த்தை இல்லை என்ற கதை வந்தது. அத்தை திரையில் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். அடுத்து வந்த மாமா பையனைப் பார்த்து, “இவன் இன்னும் அதே சட்டையைத்தான் போட்டிருக்கான்” என்றார் அப்பா. நேரலையில் இதைச் சொல்லிவிட முடியுமா? என் மகள் நடுவில் எழுந்து போனாள், வந்தாள், பழைய துண்டை மறுபடி போடச் சொன்னாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான். திரையில் இருப்பவருக்கு மரியாதை காட்டி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் பதிவில் இல்லை. அதனால் பக்கப் பேச்சு திரும்பி வந்துவிடுகிறது, வீட்டில் நாலைந்து பேர்தான் என்றாலும்.

நேரடியாகப் பேச வேண்டியது அதற்குப் பிறகு வந்தது. அன்று இரவும் அடுத்த சில நாட்களும் அம்மா ஒவ்வொருவராகப் போன் செய்தார். வெறும் குரல் அழைப்பு, ஆளுக்கு ஒன்று. பதிவில் கேட்டதை வைத்துப் பேச்சு தானாகத் தொடங்கியது. ‘அப்புறம், வேற என்ன?’ என்று இழுக்க வேண்டிய நிலைமை வரவில்லை. இருபது பேரோடு ஒரு மணி நேரம் இருந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் கிடைத்திருக்கும். சிலரோடு அவர் அரை மணி நேரத்துக்கும் மேல் பேசினார்.

இதில் வேலை இருக்கிறது, அது முழுக்க ஒரே ஆளின் தலையில் விழும் என்பதை மறைக்கவில்லை. முதல் விஷயம், ‘ஒரு வாழ்த்து அனுப்புங்க’ என்று கேட்கவே கூடாது. கேட்டால் எல்லாரும் ‘நூறு வயசு ஆரோக்கியமா இருக்கணும்’ என்றே அனுப்புவார்கள். மூன்றாவது ஆளுக்குள் கொட்டாவி வந்துவிடும். நாங்கள், அம்மாவிடம் திட்டு வாங்கிய ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டோம். ஒரு நிமிடத்துக்குள், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, போனைப் படுக்கவாட்டில் வைத்து. கெடு தேதியை உண்மையான தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் சுருங்கி, டிவியில் முகம் கலங்கலாகத் தெரியும். டாக்குமென்டாக இணைத்து அனுப்பச் சொன்னால் எடுத்தது எடுத்தபடி வரும். கேமரா என்றால் ஓடி ஒளிபவர்களிடம் குரல் பதிவும் ஒரு பழைய புகைப்படமும் போதும் என்று சொல்லிவிட்டோம். சொல்லப்போனால் அவைதான் நன்றாக இருந்தன.

எழுத்தில் வாழ்த்து வாங்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டனில் நிதி திரட்டிப் புகழ்பெற்ற கேப்டன் டாம் மூர் 2020 ஏப்ரல் 30 அன்று நூறு வயதை எட்டியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் வந்து குவிந்தன. அவற்றை அடுக்க ஒரு பள்ளியின் பெரிய கூடமே தேவைப்பட்டது. வீட்டளவில் பத்துக் கடிதம் வந்தாலே பெரிது. கைப்பட எழுதச் சொன்னால் பாதிப் பேர் எழுதமாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணம் என்றால் என் கட்சி செல்லாது. அங்கே சுற்றத்தார் சாட்சி. அந்த நிமிடத்தில் அவர்கள் பார்த்தாக வேண்டும், பிறகு பார்ப்பது வேறு விஷயம். நியூயார்க் மாநிலத்தில் 2020 ஏப்ரலில் வீடியோ வழியாகவே உரிமம் வாங்கித் திருமணம் செய்துகொள்ள ஆளுநர் உத்தரவு போட்டார். அப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு நேரலைதான் சரி. எல்லாரையும் மியூட்டில் போட்டுவிட்டு மேடையை மட்டும் காட்டினால் போதும். அங்கே ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பது குறையாகவும் தெரியாது.

சின்னக் குழந்தைகளின் பிறந்தநாள் பற்றி உறுதியாகச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை, அந்த வயதில் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. நான்கு வயதுக் குழந்தை பெரியவர்களின் பதிவை உட்கார்ந்து பார்க்காது என்று மட்டும் தெரியும். தெரிந்தவர் வீட்டில், அதே வயதுக் குழந்தைகள் இரண்டு பேரை மட்டும் அழைப்பில் சேர்த்துவிட்டார்கள். மூன்றும் தங்கள் பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கேமராவில் முட்ட முட்டக் காட்டின, ஒன்று சொல்வதை மற்றொன்று கேட்கவே இல்லை, மூன்றுக்கும் பரம திருப்தி. தாத்தா இடையில் தலையை நீட்டி ‘ஹேப்பி பர்த்டே’ சொல்லச் சொன்னபோதுதான் அழுகை ஆரம்பித்ததாம்.