முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஐஸ் தண்ணீர் மெஷின்: வாடகைக்கு எடுக்கலாம், வாங்க வேண்டாம்

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு இந்த மெஷினை வார வாடகைக்கு எடுத்தோம். பார்க்க சின்ன ஐஸ் பெட்டிதான். உள்ளே ஐஸும் தண்ணீரும் போட்டால் மோட்டார் அதை முட்டியில் கட்டிய பட்டைக்குள் ஓடவிடும். வலிக்கு நன்றாகவே கேட்கிறது. பயிற்சி முடிந்த கையோடு 20 நிமிடம் வைத்தால் அம்மா முகமே மாறிவிடும், ஐஸ் பை மாதிரி நழுவி விழுகிற தொல்லையும் இல்லை.

ஆனால் கடைக்காரர் "இதைப் போட்டா ரத்தப்போக்கே இருக்காதுங்க" என்றார் பாருங்கள், அதை நம்பி யாரும் காசு கொடுக்காதீர்கள். குளிர்ச்சியில் ரத்தக்குழாய் சுருங்கும், வாஸ்தவம்தான், ஆனால் ரத்த இழப்பைக் குறைப்பதில் அதன் பங்கு ரொம்பச் சின்னது. பெரிய வேலை ஆபரேஷன் அறையிலேயே முடிந்துவிடுகிறது. டிரானெக்சாமிக் அமிலம் என்று ஒரு மருந்து, ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதி 1962லேயே அறிவித்தது, உறைந்த ரத்தத்தை உடம்பு சீக்கிரம் கரைத்துவிடாமல் தடுக்கிறது. இப்போது முட்டி ஆபரேஷனில் பரவலாகக் கொடுக்கிறார்கள், ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையே அதனால் நிறையக் குறைந்திருக்கிறது. அம்மாவுக்கு முன்கூட்டியே ஹீமோகுளோபின் பார்த்து இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இந்த இரண்டையும்தான், மெஷினைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்தபின் கெண்டைக்கால், கணுக்கால் வரை கருநீலமாகிப் போனதில் எல்லோரும் பயந்துவிட்டோம். உள்ளே கசிந்த ரத்தம் கீழே இறங்குவதால் அப்படித் தெரிகிறது, மெல்ல மறையும் என்று தாதி சொன்னார். ஆனால் கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மெஷினின் குறைகள்? நம்ம ஊர்ப் புழுக்கத்தில் குழாய் முழுக்க வேர்த்து ஊற்றுகிறது. வீவக வீட்டு (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) டைல்ஸ் தரையில், அதுவும் ஊன்றுகோல் பிடித்து நடப்பவர் பக்கத்தில், இது சாதாரண விஷயமில்லை, அடியில் தடிமனான துண்டு போட்டே ஆக வேண்டும். முதலில் வந்த மெஷினில் குழாய் மூட்டும் கசிந்தது. அன்றைக்கே மாற்றித் தந்துவிட்டார்கள், சரி. நம் ஃபிரிட்ஜில் செய்கிற ஐஸ் கட்டி போதாது. சின்னத் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்துப் போட்டால் நெடுநேரம் தாங்கும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய துணி வேண்டும், நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வைக்கவே கூடாது.

இன்னொன்று, பட்டை கட்டும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள், கால் மடங்கியே பழகிவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் அம்மாவைக் கடிந்துகொண்டார். குதிகாலுக்கு அடியில் வைத்தால் கால் நீளும். புது முட்டி நன்றாக மடங்கி நீள்வது பயிற்சியால்தான், மெஷின் அந்த வலியைப் பொறுத்துக்கொள்ள உதவும், அவ்வளவுதான்.

ஐந்துக்கு மூன்றரை தரலாம். வீக்கம் அதிகமாக இருக்கும் ஆரம்ப வாரங்களுக்கு வாடகை போதும், அதற்குப் பிறகு துணியில் சுற்றிய ஐஸ் பையே தாராளம்.