தினசரி காரோடு ஆட்டோகிராஸ்: சில சீசன்களுக்குப் பிறகு

வாரம் முழுக்க வேலைக்குப் போய்வரும் கார்தான். முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக், மேனுவல் கியர், சஸ்பென்ஷனும் பிரேக்கும் கம்பெனியில் வந்தவை. இதை வைத்துக்கொண்டே சில சீசன்களாக ஆட்டோகிராஸ் ஓட்டுகிறேன். ‘வண்டி தாங்குமா?’ என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வண்டி தாங்குகிறது. முன் டயர்கள்தான் தாங்கவில்லை.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: பெரிய காலி வாகன நிறுத்தத்திலோ பயன்பாட்டில் இல்லாத ஓடுதளத்திலோ கோன்களை வைத்து ஒரு தடம் அமைப்பார்கள். (மண்ணிலும் புல்லிலும் ஓட்டுவதைச் சில நாடுகளில் இதே பெயரில் சொல்வதுண்டு. நான் சொல்வது தாரும் கான்கிரீட்டும்.) வண்டிகளைத் தனித்தனியாக இடைவெளி விட்டு அனுப்புவதால் முட்டிக்கொள்ள ஆள் கிடையாது, போட்டி கடிகாரத்தோடுதான். ஒரு ரன் பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். என் வண்டிக்கு கிட்டத்தட்ட முழுத் தடமும் இரண்டாவது கியர்தான். அமெரிக்காவின் எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) நடத்தும் சோலோ என்ற ஆட்டோகிராஸ் போட்டிகளில் ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி கூடும், இரு கோன்களுக்கு இடையிலான வாசலைத் தவறவிட்டால் அந்த ரன்னே கணக்கில் வராது. மற்ற இடங்களில் இந்த எண்கள் மாறும், தத்துவம் ஒன்றுதான். பத்தில் ஒரு பங்கு விநாடிக்கு அடித்துக்கொள்ளும் இடத்தில் 2 விநாடி என்பது பெரிய தண்டனை.

இப்போது டயர். சாதாரண கார்களின் முன்சக்கரங்களில் கேம்பர், அதாவது சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு, மிகக் குறைவு. வேகமாகத் திரும்பும்போது எடையெல்லாம் வெளிப்பக்க முன் டயர் மேல் சாய்ந்து, டயர் தன் தோள்பட்டையில் உருளத் தொடங்கும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றழுத்தம் சொகுசான பயணத்துக்கானது, இதற்குப் போதாது. முன்பக்கம் அதைவிட 5 பிஎஸ்ஐ போலக் கூட்டி ஆரம்பிக்கிறேன். அப்புறம் சாக்பீஸ்தான் ஆசான். டயரின் விளிம்பில், பக்கச்சுவரிலிருந்து தரையைத் தொடும் பகுதி (டிரெட்) வரை குறுக்காகக் கோடு போடுங்கள், சுற்றிலும் மூன்று இடங்களில். பக்கச்சுவரின் மேல்விளிம்பில் ஒரு குட்டி முக்கோணக் குறி இருக்கும். ரன் முடிந்து வந்து பார்த்தால் சாக்பீஸ் எதுவரை அழிந்திருக்கிறது என்று தெரியும். முக்கோணத்தையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் அளவுக்கு மீறிப் புரள்கிறது, காற்று வேண்டும். டிரெட்டின் ஓரத்திலேயே கோடு அழியாமல் நின்றால் காற்று அதிகம், கொஞ்சம் இறக்கலாம். டயர் சூடாகச் சூடாக அழுத்தம் தானே ஏறும் என்பதால் ஒவ்வொரு ரன்னுக்கும் பிறகு கேஜை வைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பின் டயரில் காற்றைக் கூட்டினால் வண்டியின் வால் லேசாகி, திரும்புவது எளிதாகும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் முதல் சீசனில் அதில் கை வைக்க வேண்டாம் என்பேன்.

இவ்வளவு பார்த்தும் முன் டயர்களின் வெளி ஓரம் மற்ற இடங்களைவிட வேகமாகத் தேயத்தான் செய்கிறது. சீசன் நடுவில் முன்பின் மாற்றிப் போடுகிறேன். அலைன்மென்ட் செய்யும்போது, கம்பெனி அனுமதிக்கும் அளவுக்குள்ளேயே அதிகபட்ச நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கமாகச் சாய்வது) கேட்டு வாங்கினேன். நான் செய்த ‘மாடிஃபிகேஷன்’ என்றால் இது ஒன்றுதான். மற்றபடி கிளட்ச் நன்றாக இருக்கிறது. ரன்கள் சின்னவை, இடையில் ஆற நேரம் நிறைய, அதனால் ரேஸ் டிராக்கில் போல பிரேக் கொதிப்பதில்லை. இருந்தாலும் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் பொருள். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் என்றால், ஈரம் ஏறியபின் அதற்கான தரவரம்பு 155 டிகிரிதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது ஆட்டோகிராஸ் ஓட்டாதவருக்கும் நல்லது.

ஓட்டுவதில் கற்றது ஏராளம் என்றாலும் இரண்டைச் சொல்லலாம். முதலாவது கண். கோன்களின் கடலில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தே ஓட்டத் தோன்றும், பார்த்தால் தாமதம்தான். வரிசையாக நிற்கும் கோன்களை இடமும் வலமுமாக வளைந்து கடக்கும் ஸ்லாலமில் இது உடனே தெரிந்துவிடும்: முதல் கோனில் கொஞ்சம் பிந்தினால் இரண்டாவதில் இன்னும் பிந்துவோம், நான்காவதில் பிரேக் மிதித்தே ஆக வேண்டும். கோனைத் தாண்டிய பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பாமல், தாண்டுவதற்கு முன்பே அடுத்த பக்கத்துக்குத் திருப்ப ஆரம்பித்திருக்க வேண்டும். இரண்டாவது, முன்சக்கர வண்டிக்கே உரிய அண்டர்ஸ்டியர். மூக்கு வெளியே தள்ளும்போது ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்தால் திரும்பும் என்று கை நம்பும். பிடி தீர்ந்துபோன டயரை ஒடிக்க ஒடிக்க அது கீச்சென்று கத்திக்கொண்டு நேராகவே போகும். ஆக்சிலரேட்டரை லேசாக விட்டு, ஸ்டியரிங்கையும் ஒரு விரற்கடை நேராக்கினால் மூக்கு உள்ளே வரும். சத்தம் போடும் ரன் வேகமான ரன் என்று வேடிக்கை பார்ப்பவர்கள் நினைப்பார்கள், டைமிங் ஸ்லிப் வேறு கதை சொல்லும்.

காலையில் தடத்தை நடந்து பார்ப்பதை யாரும் தவிர்க்கக் கூடாது. அரட்டைக் கூட்டத்தோடு ஒரு சுற்று, தனியாக ஒரு சுற்று. தனியாக நடக்கும்போது அவ்வப்போது குனிந்து, ஓட்டுநர் இருக்கை உயரத்திலிருந்து பாருங்கள். நின்றபடி பார்த்தால் தெளிவாகத் தெரியும் வாசல், உட்கார்ந்தால் கோன் குவியலில் மறைந்துவிடும்.

ஒரு நாளில் ஓட்டுவது சில நிமிடங்களே, மீதியெல்லாம் காத்திருப்பும், தடத்தில் நின்று கோன்களைக் கவனிக்கும் வேலையும்தான். இது பிடிக்காமல் போனவர்களும் உண்டு. ஒவ்வொரு கோனின் அடியைச் சுற்றியும் தரையில் ஒரு கட்டம் வரைந்திருக்கும். கோன் விழுந்தாலோ கட்டத்தை விட்டு முழுதாக வெளியே போனாலோதான் தண்டனை. அசைந்தாலும் ஒரு ஓரமாவது கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் தண்டனை இல்லை. வெயிலில் செங்கொடியோடு நின்று இதைப் பார்ப்பது அலுப்பு என்று நினைத்திருந்தேன். நல்ல ஓட்டுநர் எந்த இடத்தில் பிரேக் விளக்கை எரியவிடுகிறார், எங்கே எரியவிடவில்லை என்று கவனிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அவர்களில் ஒருவரைக் கேட்டு, அனுமதி இருக்கும் இடங்களில், பக்கத்து இருக்கையில் ஒரு ரன் போய்வாருங்கள். நம்முடைய காரிலேயே அவர் ஓட்டினால் இன்னும் நல்லது, குறை வண்டியில் இல்லை என்பது உடனே விளங்கும்.

செலவு? முதல் சீசனுக்கு நல்ல ஹெல்மெட், காற்றழுத்த கேஜ், டார்க் ரெஞ்ச், ஒரு காற்று பம்ப் போதும். ஹெல்மெட்டில் ஸ்னெல் என்ற பாதுகாப்புத் தர முத்திரையும் ஆண்டும் பார்த்து வாங்குங்கள், பழைய ஆண்டு முத்திரையைப் பரிசோதனையில் தள்ளிவிடுவார்கள். டிக்கியில் உள்ள அத்தனையும், ஸ்டெப்னி, ஜாக்கி, கால்மிதி உட்பட, இறக்கிவிட வேண்டும். பேட்டரி ஆடக் கூடாது, வீல் நட் இறுக்கமாக இருக்க வேண்டும். உயரமான எஸ்யூவி வைத்திருப்பவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கவிழும் அபாயம் கருதி அவற்றைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை. இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை படியுங்கள், போட்டிகளுக்கு விலக்கு என்ற வரி பெரும்பாலும் இருக்கும்.

சாதாரண டயரில் கற்றுக்கொள்வதில் ஒரு லாபம்: பிடி விடுவதற்கு முன் அது சத்தம் போட்டு எச்சரிக்கும். ஒட்டும் டயர்கள் அவ்வளவு பேசுவதில்லை. எனக்கு இப்போதுதான் அந்த ஆசை வந்திருக்கிறது. எஸ்சிசிஏயின் ஸ்ட்ரீட் வகுப்பில் குறைந்தபட்ச டிரெட்வேர் எண் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் எண்) 200, அந்த ரகத்தில் ஒரு செட்டைத் தனி வீல்களில் மாட்டிவைத்தால் தினசரி டயர்கள் பிழைத்துக்கொள்ளும். பின் சீட்டை மடக்கினால் நான்கும் ஒன்றாக உள்ளே போகுமா என்று அளந்து பார்க்க வேண்டும்.