இருபதாம் பின்னை விட்டுவிடாதே, மச்சான்

கூலிம் பக்கத் தோட்டத்துக்கு மாறிப் போன மச்சான் நேற்று போன் போட்டான். பழைய டெர்மினல் (கணினியோடு கம்பியில் இணையும் திரையும் கீபோர்டும்) நாலும், சீரியல் பிரிண்டர் (எழுத்தைப் பிட் பிட்டாக ஒரே கம்பியில் வாங்குவது) ஒன்றும் மலிவாக வருகிறதாம், ஆபீசுக்கு எடுக்கலாமா என்று கேட்டான். சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்ட ஆபீசில் 2003 முதல் இதே ஏற்பாடுதான். ஒரு லினக்ஸ் கணினி, எட்டு சீரியல் இணைப்பு தரும் போர்ட் கார்டு, நாலு வைஸ் 60 டெர்மினல், ஒரு டாட் மேட்ரிக்ஸ் சீரியல் பிரிண்டர்.

டெர்மினலைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெரட்டு (காலையில் ஆள் கணக்கு எடுப்பது) முடிந்து செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) ஏற்ற உட்கார்ந்தால், சுவிட்சைப் போட்ட கையோடு லாகின் வந்து நிற்கும். கம்பியும் மூன்றுதான்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்ட். ஸ்டோர் தம்பி மட்டும் எப்போதாவது தெரியாமல், திரைக்கு எழுத்து வருவதை நிறுத்தும் கன்ட்ரோல்-எஸ் தட்டிவிட்டு, "ஸ்கிரீன் செத்துப்போச்சுண்ணே" என்று ஓடி வருவான். கன்ட்ரோல்-கியூ தட்டினால் சரியாகிவிடும்.

பிரிண்டர்தான் என்னைப் படுத்தியது. கேபிளை டவுனில் ஒரு கடையில் செய்து வாங்கினேன். ஒரு பக்கம் அடித்துப் பார்த்தோம், அழகாக வந்தது. மாதம் முடிந்து ஏழு நாளைக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பது சட்டம். அந்த அவசரத்தில் ஒவ்வொரு சீட்டையும் யார் படிக்கிறார்கள்? பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர் சீட்டோடு ஜன்னலில் வந்து நின்றார். "தம்பி, என் ஓட்டி காசு எங்கே?" வாங்கிப் பார்த்தேன். ஓவர்டைமுக்கான மலாய்ப் பெயர் 'கெர்ஜா லெ' என்று பாதிச் சொல்லில் நின்று, அதன் வாலிலேயே ஈபிஎஃப் (சேமநிதி) பிடித்தம் ஒட்டிக்கொண்டிருந்தது. கணக்கில் தொகை சரி, பேப்பரில்தான் இல்லை. வருஷக்கணக்காக நம்மை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர். அன்றே கையால் எழுதிக் கொடுத்தேன், ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

அன்று இரவே கேபிளின் மூடியைக் கழற்றினேன். 9600 வேகத்தில் கணினி நொடிக்கு 960 எழுத்து தள்ளும். எங்கள் 9 ஊசி பிரிண்டர் அதில் மூன்றில் ஒரு பங்கு அடித்தாலே பெரிது. வந்த எழுத்தைத் தேக்கி வைக்கும் பஃபர் நிரம்பியதும் அது கேபிள் முனையின் 20-ஆம் பின்னில் 'பொறு' என்று சொல்கிறது. அந்தப் பின்னில் கம்பியே இல்லை! கணினிப் பக்கம் 'அனுப்பலாமா' என்று கேட்கும் 4-ஆம் பின்னையும், அதற்குப் பதில் வாங்கும் 5-ஆம் பின்னையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். அதனால் கணினிக்கு எப்போதும் 'அனுப்பு' என்றே தெரியும். சோதனைப் பக்கம் சின்னது, பஃபருக்குள் அடங்கிவிட்டது. சம்பளச் சீட்டுக் கட்டு அடங்குமா? ஒவ்வொரு சீட்டின் முடிவிலும் பேப்பர் அடுத்த சீட்டின் தலைக்குத் தள்ளப்படுவதால், நடுவில் எழுத்து விழுந்தது மேலோட்டமாகப் பார்க்கிறவர் கண்ணில் படாது.

முடிச்சை வெட்டி, பிரிண்டரின் 20-ஐக் கணினியின் 5-இல் பற்றவைத்தேன். லினக்ஸில் அந்தப் போர்ட்டுக்கு ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோலை (கம்பியில் வரும் 'பொறு'வுக்குக் கட்டுப்படுவது) ஆன் செய்தேன். அவ்வளவுதான் வேலை, ஒரே ஒரு கம்பி. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு எழுத்துகூட விழவில்லை. மூன்று காப்பி கார்பன் தாளையும் சளைக்காமல் அடிக்கிறது. நல்ல பிரிண்டர், அதில் சந்தேகமே இல்லை.

ஆனாலும் மச்சான், டெர்மினல் நாலையும் எடு, சீரியல் பிரிண்டர் வேண்டாம். பேரலல் பிரிண்டராக (ஒரு எழுத்தை எட்டுக் கம்பியில் ஒரே நேரத்தில் வாங்குவது) பார். அதன் கேபிளில் 'பொறு' என்று சொல்லும் கம்பி எப்போதும் இருக்கும். இல்லை, சீரியல் பிரிண்டரையும் சேர்த்துத்தான் தருவோம் என்று விற்கிறவர்கள் பிடிவாதம் பிடித்தால், கேபிளை எந்தக் கடைக்கும் கொடுக்காதே. என்னிடம் கொண்டு வா.