ஹைபிரிட் கார் ஏசி: நாமே கை வைப்பதா, ஒர்க்‌ஷாப்பில் விடுவதா?

மூன்று மாதத்துக்கு முன்னால் என் ஹைபிரிட் காரில் ஏசி ஓடியது, குளிர்ச்சி மட்டும் வரவில்லை. பழைய பெட்ரோல் காருக்கு இரண்டு முறை நானே கேஸ் ஏற்றியிருக்கிறேன். கேஸ் அழுத்தம் பார்க்கும் மீட்டரும் ஹோஸ்களும் கொண்ட கேஜ் செட், குழாயிலிருந்து காற்றை உறிஞ்சும் சின்ன வேக்யூம் பம்ப் எல்லாம் வீட்டில் கிடக்கிறது. கை சும்மா இருக்குமா? இருந்தும் பாதி வேலையைத்தான் நான் செய்தேன், மீதிக்கு ஒர்க்‌ஷாப் போனேன்.

நாமே செய்தால் செலவு குறைவு, ஒர்க்‌ஷாப்பில் செய்தால் உத்தரவாதம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள்.

கேஸ் ஓடும் குழாயைத் திறக்காத வேலை எல்லாவற்றையும் தாராளமாக நாமே செய்யலாம். கேபின் ஃபில்டரை உருவினேன், தூசி படிந்து கம்பளி மாதிரி இருந்தது. காரின் முன்பக்கம் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் ஒட்டியிருந்த பூச்சிகளைத் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினேன். பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் கேபின் காற்றுதான், அதனால் பின்சீட் பக்கத்தில் உள்ள காற்றுத் துளையையும் துடைத்தேன். காற்று பலமாக வந்தது, குளிர் வரவில்லை. சரி, கோளாறு குழாய்க்குள்தான்.

எல்லோரும் பயப்படுவது உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு கேபிளுக்கு. என் காரில் ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரசருக்கு இன்ஜின் பெல்ட் கிடையாது, 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும் மோட்டார். அதைக் கழற்ற வேண்டுமென்றால் பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்து, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க 10 நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட் கையுறை போட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஆனால் கேஸ் மட்டும் ஏற்ற ஆரஞ்சு கேபிள் பக்கமே போக வேண்டியதில்லை. என்னைத் தடுத்தது, கேஸோடு சேர்ந்து ஓடி கம்ப்ரசர் தேயாமல் காக்கும் ஆயில்.

சாதாரண காரின் பெல்ட் கம்ப்ரசருக்கு ஊற்றுவது பெரும்பாலும் பிஏஜி என்ற வகை ஆயில். ஹைபிரிட்டில் மோட்டாரின் காயில், கேஸும் ஆயிலும் ஓடும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் மின்சாரம் கடத்தாத பிஓஇ என்ற வகை ஆயில்தான் வேண்டும். என் காருக்கு அதில் என்டி-11 என்ற ரகம். பிஏஜி கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு பலவீனமாகும். பாடிக்கு மின்சாரம் கசிகிறதா என்று காரின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். கசிந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், சில நேரம் வண்டி கிளம்பவே மறுக்கும். கழுவி எடுத்துவிடலாம் என்றால் கம்ப்ரசருக்குள் போனது முழுசாக வராது. கேஸ் ஏற்றப் போய், கம்ப்ரசரோடு மற்ற பாகங்களையும் மாற்றும் நிலை.

நான் எதற்குப் பிஏஜி ஊற்றப் போகிறேன் என்று நானும் நினைத்தேன். சந்தேகத்துக்கு, கேஜ் செட்டின் மஞ்சள் ஹோஸை ஒரு டிஷ்யூ பேப்பர் மேல் தலைகீழாகத் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பச்சை எண்ணெய்க் கறை. பழைய காரில் லீக் பார்க்கச் சாயம் கலந்து விட்ட ஆயில், இன்னும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது! கடையில் கிடைக்கும் சில கேஸ் டின்களிலும் ஆயில், சாயம், லீக் அடைக்கும் பசை எல்லாம் சேர்ந்தே இருக்கும்.

இதே ஆபத்து ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு. அங்கே கேஸை உறிஞ்சி ஏற்றும் ஒரே மெஷின் நாள் முழுக்கப் பல கார்களுக்கு ஓடும். முதலில் போன இடத்தில் ஹைபிரிட்டுக்கு எந்த ஆயில் என்று கேட்டேன். “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார் மெக்கானிக். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில், நான் கேட்கும் முன்பே பானெட்டைத் திறந்து எந்த ஆயில், எவ்வளவு கேஸ் என்று எழுதிய ஸ்டிக்கரைக் காட்டினார், ஹைபிரிட்டுக்கென்று தனி ஹோஸ் வைத்திருந்தார். அங்கேயே விட்டேன்.

ஒரே காரை வைத்துச் சொல்கிறேன், அதுவும் ஆர்134ஏ கேஸ் ஓடும் கார். புது வண்டிகளில் வரும் ஆர்1234ஒய்எஃப் கேஸ் லேசாகத் தீப்பற்றக்கூடியது, அதில் நான் கை வைத்ததில்லை.

ஸ்டிக்கரில் 470 கிராம் கேஸ் என்று இருந்தது. மெஷின் உறிஞ்சி எடுத்தது 300 கூட இல்லை. லீக் எங்கே என்று பார்த்தால், கேஸ் ஏற்றும் வாயில் உள்ள குட்டி வால்வில். டயர் வால்வு மாதிரிதான், கேஸ் வெளியே எடுத்தபின் மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தபோது கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.