பெயர் எழுதாத பொட்டலத்தை வாங்கிச் சாப்பிடாதீர்கள்

பல் துலக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் சிவப்பாக வந்தது. ஈறு புண்ணாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. எங்கும் இடித்துக்கொண்ட நினைவே இல்லை. எனக்கு அக்குபஞ்சர் என்ற ஊசி குத்தும் சிகிச்சை கொடுத்து, கூடவே ஒரு மூலிகைப் பொடியும் தந்திருந்தவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "பயப்படாதீர்கள் அம்மா, கெட்ட ரத்தம் வெளியேறுகிறது. மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், நிறுத்திவிடாதீர்கள்" என்றார்.

அதை நம்பி இன்னும் இரண்டு நாள் அந்தப் பொடியைச் சாப்பிட்டேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

காலில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டுவந்தேன். அதைச் சாப்பிடுபவர்களுக்கு ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை பழக்கமானது; அந்த எண் கூடக் கூட ரத்தம் உறைவது தாமதமாகிறது என்று அர்த்தம். எனக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போன அன்று 7ஐத் தாண்டியிருந்தது. "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளைத் தாளில் மடித்த பழுப்புப் பொடி. மேலே பென்சிலால் "2 வேளை" என்று எழுதியிருந்தது. மருந்தின் பெயர் இல்லை, தேதி இல்லை, செய்தவர் யார் என்றும் இல்லை.

சிகிச்சையாளரைக் கேட்டால், குரு வழியில் வந்த கலவை, வெளியே சொல்லக்கூடாது என்றார். மூன்றாம் முறை மருத்துவரே பேசிய பிறகுதான் ஐந்து வேர்களின் பெயரைச் சொன்னார். அதில் ஒன்று தான்ஷென். சீன மருத்துவத்தில் இதயத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் கொடுக்கும் சிவப்பு வேர். அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவை உண்டாக்கும் என்று 1990களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே கொடுத்து என்னைத் தேற்றினார்கள்.

நான் அவரிடம் போனது கழுத்து வலிக்காக. முதல் நாள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நெடுநேரம் நாடி பார்த்தார். தூக்கம், தாகம், கனவு வரை விசாரித்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. ஊசி குத்துவதற்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து நானும் சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டியது அவர். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு ஊசி குத்துவதற்கே அது தெரிந்திருக்க வேண்டும். போதாததற்கு 20 அமர்வுகளுக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். ரசீது தரவில்லை.

ஊசியைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அது தலைமுடியைவிடத் தடிமன்தான், ஆனாலும் மிக மெல்லியது. குத்தும் இடத்தில் லேசான கனமும் மந்தமான வலியும் வரும். 6 அமர்வுகளில் கழுத்து வலி ஓரளவு குறையவும் செய்தது. ஒவ்வொரு முறையும் உறையைக் கண்முன்னே பிரித்துப் புதிய ஊசி எடுக்கிறார்களா என்று பாருங்கள்; ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றலாம். தோள்பட்டை மேட்டிலும் மார்பிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலைத் துளைத்துவிடலாம். வீடு திரும்பிய பிறகுகூட மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ஊசி போட்டுக்கொண்டதையும் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் இருப்பவரும் கர்ப்பிணியும் சிகிச்சைக்குப் படுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பெரிய பயம் பொடிகளைப் பற்றித்தான். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கக் கொடுத்த மாத்திரைகளில், சேர்க்க வேண்டிய ஒரு சீன வேருக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொரு வேர் சேர்ந்துவிட்டது. அது நம் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தைச் சேர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. 1999இல் லண்டனில் சீன மூலிகைக் களிம்புகள் 11ஐச் சோதித்தபோது 8இல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. மூலிகை என்று நம்பி ஸ்டீராய்டைப் பூசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு மருந்து இரண்டே நாளில் அதிசயம் காட்டினால் எனக்கு இப்போது சந்தேகம்தான் வருகிறது.

ஆகவே புதிதாகப் போகிறவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மருந்து கொடுத்தால் அதில் உள்ள ஒவ்வொரு பொருளின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்ததை உங்கள் மருத்துவரிடம் காட்டிய பிறகு சாப்பிடுங்கள். ரகசியம் என்று சொன்னால் அங்கேயே வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். எங்கே படித்தார், பதிவு பெற்றவரா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. ஊசி பழகியவர் எல்லோரும் மூலிகை படித்தவர் அல்ல. இரண்டும் தனித்தனிப் பயிற்சி. வழக்கமான மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அதை எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மீதி 14 அமர்வுகளுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பாதியில் நிறுத்தியது நீங்கள்தானே" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். பணம் போகட்டும் என்றுகூட விடலாம். அவரிடம் இன்றும் யாரோ அதே பொடியை வாங்கிக்கொண்டிருப்பார்களே என்பதை விட முடியவில்லை. மருத்துவமனை அறிக்கையையும் மிச்சமிருந்த பொட்டலங்களில் ஒன்றையும் சேர்த்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று வீட்டில் பத்திரமாக இருக்கிறது. இப்படி ஒரு பொடியால் உங்கள் உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால் மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எதைச் சாப்பிட்டீர்கள் என்று காட்ட உங்களிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.